ரிசர்வில் விட்ட வண்டி

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். வாடிக்கையாளர்களிடம் பேச எனக்குக் கூச்சம். பேச்செல்லாம் முதலாளிதான்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, காசிம் பாய் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். சோழபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாதவர். அன்று கத்தினார்.

"சர்வீஸ் முடிஞ்சுதுன்னு நேத்துக் காலையிலதான் எடுத்துட்டுப் போனேன். சாயங்காலம் எங்கம்மாவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டு வாரேன், பாதி வழியில நின்னுபோச்சு. ரிசர்வுல திருப்புவோம்னு கைய வச்சா, ஏற்கெனவே ரிசர்வுலதான் கெடக்கு! ஒரு லாரிக்காரர்தான் கொண்டுபோய்ச் சேத்தாரு. ஆக்சிஜன் வச்சிருக்காவ."

"பெட்ரோல் டேப் போயிருக்கும் பாய். ரிசர்வ் வேல செய்யல. புதுசு மாட்டிருவோம்" என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பி, "ஏலே, டேப்பக் கழத்து."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வண்டி ஒரு வாரம் எங்களிடம் நின்றது. டிரையல் டிரையல் என்று முதலாளி தினமும் அதில்தான் மாமியார் வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை, மனைவியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற மலைக்கோவில் பெருமாளைக் கும்பிடப் போனார். வழியில் பெட்ரோல் குறைந்ததும், டேங்கின் அடியில் அவசரத்துக்கு மிஞ்சும் ரிசர்வுக்கு டேப்பைத் திருப்பியிருக்கிறார். திரும்பி வந்து ஊற்றவும் இல்லை, டேப்பை மறுபடி 'ஆன்' பக்கம் திருப்பவும் இல்லை, சொல்லவும் இல்லை. சர்வீசுக்கு வரும் எல்லா வண்டிக்கும் இதே கதிதான்.

டேப்பைக் கழற்றினேன். 'ஆன்' பக்கம் டேங்குக்குள் நிற்கும் உயரக் குழாய் வழியாகத்தான் பெட்ரோல் எடுக்கும்; அது உடைந்தால்தான் ரிசர்வுக்குப் பெட்ரோல் மிஞ்சாது. குழாய் முழுசாக இருந்தது. வடிகட்டும் ஜாலியிலும் அடைப்பு இல்லை. அதையே திரும்ப மாட்டி, பெட்ரோல் ஊற்றி, 'ஆன்' பக்கம் திறந்து டப்பாவில் பிடித்தேன். குழாய் மட்டத்துக்கு வந்ததும் நின்றது. ரிசர்வில் திருப்பினேன். மறுபடி கொட்டியது.

"டேப் நல்லாருக்கு பாய்" என்றேன். "வண்டி கோவிலுக்குப் போயிட்டு வந்துச்சு. இவிய ரிசர்வுலயே விட்டுட்டாவ."

"ஏலே, வாய மூடுலே!"

பாய் முதலாளி பக்கம் திரும்பினார். "கோவிலுக்குன்னு கேட்டிருந்தா நானே டேங்க நெறச்சுக் குடுத்திருப்பேனே ஓய். எங்கம்மா மூச்சத்தான ஊத்தி ஓட்டியிருக்கீரு!"

அன்றைக்கே முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பினார். பாயின் அம்மா பிழைத்துக்கொண்டார். அதைச் சொல்லியே, "என்ன ஆகிப்போச்சு இப்ப?" என்று முதலாளி ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தார். அந்தக் கேள்விக்காக அவர்மேல் உள்ள ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, வண்டியை ஒப்படைக்கும்போது டேப்பை 'ஆன்' பக்கம் வையுங்கள். ரிசர்வில் ஓடியிருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். டிரையல் என்பது தெருமுனை வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் அது திருட்டு.