தண்ணீர் குடிக்காத டிரைவர்

பஸ் டிரைவரின் தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்க ஆரம்பித்த நாளில், "மாமா, வண்டிய ஓட்டுறது நீங்களா, உங்க வயிறா?" என்று கேட்டான் மச்சினன். அதே பஸ்ஸில் அவன் கண்டக்டர்.

கேலி முள்ளாகத் தைத்தது. மறுநாளே சோற்றை நிறுத்திவிட்டார். காலையில் முட்டை, மதியம் கோழி, இரவில் புரதப் பவுடர். காய், பழம் பக்கம் திரும்பவே இல்லை. தொப்பை இறங்கியது. மனைவி பூரித்துப்போய் அவருடைய பழைய சட்டைகளைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டாள்.

அப்போதுதான் டிப்போவில் உடல் பரிசோதனை வந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு கூடியிருக்கிறது, சிறுநீரகத்தைப் பார்க்கவேண்டும், அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்றார்கள். அன்று தன் பஸ்ஸிலேயே பயணியாக, வேறொருவர் ஓட்ட, ஜன்னலோரம் தலைகுனிந்து வீடு வந்தார்.

"ஸ்டியரிங் போயிட்டா நான் யாரு?" என்றார். மனைவி பவுடர் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒல்லியா ஆனா போதும்னு நானும்தானே கரைச்சுக் கொடுத்தேன்."

மச்சினனையும் கூட்டிக்கொண்டு மூவருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"அழாதீங்கம்மா. கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு முட்டையும் கோழியும் விஷமில்லை. ஏற்கெனவே கோளாறு இருந்தாத்தான் ஆபத்து. ஸ்கேன் பார்த்துடலாம்." அவர் டிரைவரிடம் திரும்பினார். "தண்ணி நல்லா குடிப்பீங்களா?"



"எங்க குடிக்கிறார் டாக்டர்?" என்றான் மச்சினன். "வழியில ஒதுங்க இடமில்லைன்னு டூட்டி முடியற வரைக்கும் ஒரு வாய் குடிக்க மாட்டார். பாட்டில் அழகுக்குத்தான்."

"அதானே பார்த்தேன். புரதம் கூடினா கழிவும் கூடும், அதை வெளியேத்தத் தண்ணி வேணும். இப்படியே போனா கல்லும் வரும். பவுடரை நிறுத்துங்க. கறி அளவோட, காய், பழம் தாராளமா. தண்ணிய மறக்காதீங்க. கொஞ்ச நாள் கழிச்சு ரத்தம் பார்ப்போம்."

ஸ்கேனில் குறையில்லை. அடுத்த பரிசோதனையில் ரத்தமும் சரியாக இருந்தது, மறுபடி வண்டி ஓட்ட அனுமதி கிடைத்தது. வாசலில் காத்திருந்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததுமே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொப்பை கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, ஸ்டியரிங்கில் இடிக்கவில்லை. இப்போதெல்லாம் பாதி வழியில் பஸ் நிற்கும் டீக்கடையில், கடைக்காரர் கழிப்பறையைத் திறந்துவிட, டிரைவர் இறங்கிப் போகிறார்.

"கொஞ்சம் பொறுங்க, எங்க மாமா கிட்னியக் காப்பாத்திட்டு வர்றார்" என்று ஒருநாள் பயணிகளிடம் சொன்னான் கண்டக்டர்.

"பொறுமையா வரட்டும் தம்பி," என்று ஒரு அம்மாள் எழுந்தாள். "அடுத்தது நான்."

பாதி பஸ் அவள் பின்னால் இறங்கியது.