சசிரேகா காதால் தேர்ந்த சிடி பிளேயர்

குன்னூரை அடுத்த வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சசிரேகாவுக்கு இது இருபத்தோராவது வருஷம். நானூற்றுச் சொச்சம் எக்ஸ்டென்ஷன் நம்பர்கள் அவளுக்கு மனப்பாடம். கூப்பிடுகிறவர் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் யாரென்று சொல்லிவிடுவாள். சளி பிடித்துக் குரல் கம்மியிருந்தாலும் தப்பாது. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். ஏழு வயதில் கோயமுத்தூரில் பார்வையற்றோர் பள்ளிக்கூடத்து விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். பன்னிரண்டாவது முடித்ததும் தேர்வெழுதி இந்த வேலையை வாங்கினாள். மேலே போக டிகிரி வேண்டும் என்றார்கள். தபால் வழியில் சரித்திரம் எடுத்துப் படித்தாள். பாடப் புத்தகங்களைப் படித்துக் காட்ட ஆள் வேண்டுமே. கோயமுத்தூர்க் கல்லூரி மாணவி ஒருத்தி, ஷண்முகப்ரியா என்று பெயர், மூன்று வருஷப் பாடத்தையும் தன் குரலில் வாசித்து சிடிகளில் பதிந்து அனுப்பினாள். மொத்தம் முப்பத்தொரு சிடி. அவற்றைக் கேட்டுத்தான் சசிரேகா பி.ஏ. தேறினாள்; சூப்பர்வைசரும் ஆனாள்.

அந்த முப்பத்தொன்றோடு, சம்பளம் வாங்கிய மாதமெல்லாம் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்த பாட்டு சிடிகள் இருநூறுக்கு மேல் இருந்தன. ஒவ்வொரு உறையிலும் பிரெய்ல் புள்ளிகளால் தானே பெயர் குத்தி ஒட்டியிருந்தாள். ஆனால் போட்டுக் கேட்கத்தான் பிளேயர் இல்லை. குன்னூர் மலையின் ஈரம் பொல்லாதது. ஒரு பிளேயரில் லென்ஸில் பூஞ்சை படர்ந்தது. இன்னொன்றில் தட்டு பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. மூன்றாவதற்கு உதிரிப் பாகமே கிடைக்கவில்லை. இரண்டு வருஷமாக சிடிகள் அலமாரியில் சும்மா கிடந்தன.

கணவன் முத்துராஜ் குன்னூர்-கோத்தகிரி மினி பஸ் டிரைவர். சொந்த வீடு கட்டிக் குடிவந்த மாதத்தில் டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கி வந்து முன்னறையில் வைத்தான்.

"போனை இதோட சேத்துட்டா எந்தப் பாட்டும் வருது சசி" என்றான்.

"ஏனுங்க, ஷண்முகப்ரியா குரல் எந்த ஆப்புல வருமுங்க?" என்று கேட்டாள் சசிரேகா.

"அதையெல்லாம் பென் டிரைவுல ஏத்திக்கலாம்."

"ஏத்திக்கலாமுங்க. ஆனா வழவழன்னு இருக்கற போன்ல தேடறது எனக்குச் சள்ளை. சிடின்னா புள்ளியத் தடவி, இதுதான்னு எடுத்து, நானே போட்டுக்குவேன். நம்ம ஊட்டுக்கு ஒரு பிளேயர் எடுக்கலாமுங்க. நானே பார்த்து எடுக்கறேன்."

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் குன்னூர் பஜாரில் அப்சலின் கடைக்குப் போனார்கள். அப்சல் ஆடியோ சாமான் விற்பவன். ரிப்பேரும் அவனே பார்ப்பான். முப்பத்தைந்து வயதிருக்கும். பிளேயர் வேண்டும் என்றதும் அவன் முத்துராஜைப் பார்த்தே பேச ஆரம்பித்தான்.

"என்ன பட்ஜெட்டுண்ணே? அக்காவுக்குச் சுலபமா இருக்கற மாதிரி ஒண்ணு காட்டட்டுமா?"

"அவங்களையே கேளுங்க பாய். எனக்கு பஸ் ஹாரன் சத்தந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு முத்துராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

சசிரேகா கைப்பையிலிருந்து மூன்று சிடிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று புதுசு, ஒன்று கீறல் விழுந்தது, மூன்றாவது ஷண்முகப்ரியா பதிந்து கொடுத்தது. "கம்பெனி சிடிய எல்லா மிஷினும் படிச்சிரும். வீட்டுல பதிஞ்சதப் படிக்கத்தான் திணறும். மூணையும் போட்டுக் காட்டுங்க" என்றாள்.

அப்சல் முதலில் எடுத்தது கடையிலேயே விலை கூடியது. மெலிந்த உடம்பு, தொட்டால் இயங்கும் பட்டன். புது சிடி பாடியது. கீறல் சிடியும் பாடியது. சசிரேகா பாட்டைக் கேட்கவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்தாள். கடைசிப் பாட்டைப் போடச் சொன்னாள்.

"இதுல சிடி நேரா சுத்தலீங்க. முதல் பாட்டுல தெரியல. ஓரத்துக்குப் போகப் போக ஒரு பக்கம் தூக்கிச் சுத்துற சத்தம் வருது."

"இது புது மிஷின் அக்கா" என்றான் அப்சல். குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது. "இப்பத்தான் பெட்டியப் பிரிச்சு வச்சது."

"இருக்கலாமுங்க. மூடியத் திறந்து பாருங்க."

அப்சல் யோசித்தான். மறுத்துப் பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். சிடியை மேலிருந்து பிடிக்கும் வட்டமான துண்டு, வண்டியில் வந்த குலுக்கலில் ஒரு பக்கம் நழுவி இருந்தது. மயிரிழை அளவுதான்.

"அக்கா, இது என் கண்ணுக்கே டார்ச் அடிச்சாத்தான் தெரியுது" என்றான். இந்த முறை அவள் பக்கம் திரும்பிப் பேசினான். "சரி பண்ணித் தரட்டுமா?"

"வேண்டாமுங்க. பட்டன் கைக்கு அகப்படணும் எனக்கு."

அடுத்து, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்றுவிட்டுப் போன பழைய பிளேயர். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். தட்டு சத்தமே இல்லாமல் வெளியே வந்து சத்தமே இல்லாமல் உள்ளே போனது. மூன்று சிடிகளையும் முதல் தடவையிலேயே படித்தது. சசிரேகா அதன் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது.

"இதையே எடுத்துக்கோ. காசு பாக்காத" என்றான் முத்துராஜ்.

சசிரேகா கையை எடுக்காமலே கேட்டாள்: "லென்ஸ் போச்சுன்னா கிடைக்குமா பாய்?"

அப்சல் பொய் சொல்லவில்லை. "கிடைக்காதுக்கா. இந்த மாடலுக்கு எங்கயும் கிடைக்காது."

"அப்ப நம்ம மழைக்கு இது ஆகாது" என்று கையை எடுத்துக்கொண்டாள். கையை எடுக்க மனசு வரவில்லைதான், ஆனாலும் எடுத்துவிட்டாள்.

மூன்றாவதை அப்சல் காட்டத் தயங்கினான். பார்வைக்குச் சாதாரணமானது, விலையும் பாதிக்குக் கீழே. சசிரேகா முன்புறம் தடவினாள். ஐந்து பட்டன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். பின்புறம் தடவி, ஆம்ப்ளிஃபையருக்குக் கேபிள் செருகும் டிஜிட்டல் அவுட் இருக்கிறதா என்று கேட்டாள், இருந்தது. தட்டு கரகரவென்று வந்தது. ஆனாலும் நடுங்காமல் வந்தது. பதிந்த சிடியைப் போட்டதும் ஒரு நொடி தேடியது. பிறகு ஷண்முகப்ரியாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது: "மூன்றாம் பாடம், நிலவரி முறைகள்." கடைசிப் பகுதிவரை போட்டுப் பார்த்தாள். சுழற்சி ஒரே சீராக இருந்தது.

"லென்ஸ்?"

"கோயமுத்தூர்ல எப்பவும் ஸ்டாக் இருக்கு."

"இதையே குடுங்க."

"சத்தம் அந்தப் பெருசு மாதிரி வருமா சசி?" என்று முத்துராஜ் கேட்டான்.

"வருமுங்க. இது சிடியில இருக்கறதத் தப்பில்லாமப் படிச்சு, கேபிள் வழியா அனுப்பிச்சாப் போதும். அதைச் சத்தமா மாத்தறது நீங்க வாங்கின ஆம்ப்ளிஃபையர். அது நல்லா இருக்கறப்போ, இங்க எதுக்கு ரெண்டாவது தடவ காசு போடணும்?"

அப்சல் சிரித்தான். "கடைக்கு வர்றவங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அரை நாள் ஆகுதுக்கா. புரிஞ்சாலும் விலை கூடினதைத்தான் எடுக்கறாங்க."

வீட்டில் பிளேயருக்கென்று ஒரு சின்ன அலமாரி அடித்தார்கள். மழைக்காலம் முழுக்க அதற்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டு ஈரம் சேராமல் காத்தாள் சசிரேகா. மூன்றாவது மழைக்காலத்தில், ஷண்முகப்ரியா பதிந்த சிடிகள் மட்டும் திக்கின. அப்சலிடம் லென்ஸை வாங்கிவரச் சொல்லி, எந்த ஸ்க்ரூ எங்கே என்று முத்துராஜ் பார்த்துச் சொல்ல, தானே மாற்றினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. சாயங்காலம் பாடியது.

அதைக் கேள்விப்பட்ட அப்சல் மறுவாரமே போன் செய்தான். "அக்கா, ரிப்பேர் பண்ணி வச்ச நாலு மிஷின் டெலிவரிக்கு இருக்குது. குடுக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா வந்து கேட்டுட்டீங்கன்னா எனக்கு நிம்மதி. சும்மா வேண்டாம், கூலி தர்றேன்."

"கூலி எதுக்குங்க. சனிக்கிழமை வர்றேன்" என்றாள்.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவளுக்குக் கடையில் தனி நாற்காலி. ஊட்டியிலிருந்து வருகிற வாடிக்கையாளர்கள்கூட, "அந்த அக்கா கேட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குகிறார்கள். நான்கில் ஒன்றையாவது அவள் திருப்பி அனுப்பிவிடுவாள். அப்சல் முனகிக்கொண்டே மறுபடி திறப்பான். பெரும்பாலும் ஏதாவது அகப்படும்.

முத்துராஜ் தன் பஸ்ஸிலும் சசிரேகா கேட்டுச் சொன்ன செட் ஒன்றை வாங்கி வைத்துப் பாட்டுப் போடுவான். முன்சீட்டில் உட்கார்ந்தவர் யாராவது சவுண்டு நன்றாக இருக்கிறதே என்றால் போதும், கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபடியே சொல்வான்: "செட்டு என்னுதுங்க. எதை வாங்கறதுன்னு சொன்னது எங்க ஊட்டுக்காரி. நீங்களும் வாங்கறதா இருந்தா, சனிக்கிழமை குன்னூருக்கு வாங்க."