அணைய வேண்டிய விளக்கு

ஜப்பான்காரன் காலத்தில் என் வீட்டுக்காரரின் உயிர் ஒரு பழைய காரை நம்பித்தான் இருந்தது. மலாயாவில் பீடோங் பக்கம், நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம். சண்டை வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிப்போனார். பிறகு வந்த ஜப்பான் அதிகாரிக்கு அந்தக் கார் பிடித்துப்போயிற்று. தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னான். லயத்து வீடுகளில் இருந்த ஆண்களைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன நாட்கள் அவை; போனவர்கள் திரும்பி வரவில்லை. காரோட்டி என்பதால் அவரை விட்டுவைத்தார்கள்.

பெட்ரோலுக்கு வழியில்லை. காரின் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டி, கரியை மூட்டி, அதில் வரும் வாயுவில்தான் வண்டி ஓடியது. ஏற்றத்தில் போகும்போது இருமிக்கொண்டே போகும்.

எனக்கு எதையும் சும்மா பார்த்துவிட்டு விடத் தெரியாது. ஏன், எதற்கு என்று குடைவேன். துடைக்கிற சாக்கில் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வேன். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த பலகையில் சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்புக் கண்ணாடி. சாவியைத் திருப்பினால் உள்ளே விளக்கு எரியும்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"லாரியில இதெல்லாம் இல்ல. வெள்ளக்காரன் சும்மா அழகுக்கு வச்சிருப்பான் லா."

அழகுக்காக ஒருவன் அதன் பின்னால் இத்தனை ஒயர் இழுத்திருப்பானா? எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் விளக்கு விளக்குதானே. அதன் கீழே ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். வீட்டில் சாமி விளக்கு அணைந்தது என்று வாயால்கூடச் சொல்ல மாட்டோம், குளிர்ந்தது என்போம். அதனால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்தச் சிவப்பு மறைவது எனக்குப் பிடிக்கவேயில்லை. வழியில் சில நாள் தானாகவே திரும்ப எரிகிறது என்று அவர் சொன்னபோதுதான் மனசு ஆறியது.

அப்புறம்தான் கார் நடுவழியில் நிற்கத் தொடங்கியது. கரி ஈரம் என்றார், வெயிலில் காயவைத்தோம். குழாயில் சாம்பல் அடைப்பு என்றார். குச்சி விட்டுக் குடைந்தோம். பாட்டரி செத்துவிட்டது என்று பீடோங்கில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏற்ற ஏற்ற அது சீக்கிரமே இறங்கிப்போயிற்று. ஜித்ரா போகும் வழியில் நின்ற அன்று அதிகாரி அவர் கன்னத்தில் அறைந்து, "கெரேத்தா ரோசாக் லகி, லூ பெர்கி சியாம்" என்று மலாயில் சொன்னானாம். இன்னொரு முறை கார் கெட்டால் நீ சயாமுக்கு என்று அர்த்தம். அன்று அவித்த மரவள்ளிக்கிழங்கு சட்டியிலேயே கிடந்தது.

மறுநாள் அதிகாரி காய்ச்சலில் படுத்துவிட்டான். கரி வாங்கப் போகிற காரில், மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். என் கண் அந்தச் சிவப்பு விளக்கைவிட்டு நகரவில்லை. எஞ்சின் ஓடியதும் அது மறைந்தது. கார் ஜம்மென்று போயிற்று. வெயில் ஏறி, பெரிய ரோட்டுக்கு வந்தபோது மெல்ல மினுங்கி, பிறகு நன்றாக எரிந்தது.

"பாத்தியா, வந்துருச்சு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கொஞ்ச தூரம்தான். கார் விக்கி விக்கி நின்றது.

"என்னங்க, எரியாத வரைக்கும் ஒழுங்காத்தானே ஓடிச்சு? நாம தலகீழாப் பாக்குறோமோ?"

அவர் இறங்கி முன்மூடியைத் திறந்தார். நானும் தலையை நுழைத்தேன். காற்றாடியையும் பாட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் டைனமோவையும் சுற்றவைக்கிற பெல்ட் தொட்டால் சுட்டது; கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து கிடந்தது. பழைய பெல்ட் அறுந்தபோது அவரே ரப்பர்த் தாளை அறுத்துச் செய்தது அது. காலைக் குளிரில் இறுகி நிற்கும்; சூடேறினால் இளகி வழுக்கும். டைனமோ சுற்றாவிட்டால் பாட்டரி எத்தனை நாள் தாங்கும்? அது சுற்றாதபோதெல்லாம் அந்தச் சிவப்பு எரிந்திருக்கிறது; பாட்டரி செத்ததும் எஞ்சினும் நின்றிருக்கிறது.

"அடப்பாவி, இவ்வளவு நாளா இது நம்மளக் கூப்பிட்டுச் சொல்லியிருக்குடி" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

துணி வைத்த பழைய டயரில் ஒரு பட்டை அறுத்தார். நான் கோணி ஊசியால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தேன். பாட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். போய்த் திரும்பும்வரை விளக்கு எரியவேயில்லை. விளக்கு எரியாததற்குச் சந்தோஷப்பட்டு அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதன்பிறகு தினமும் காலையில் அவர் சாவியைத் திருப்பும்போது நான் பக்கத்தில் நிற்பேன். சிவப்பு மறைந்த பிறகுதான் கிழங்குக் காட்டுக்குப் போவேன். பக்கத்து வீட்டு அக்கா இதைக் கவனித்திருக்கிறார். அவர் புருஷனைச் சயாமுக்குக் கொண்டுபோய் வெகுநாளாகியிருந்தது; ஒரு சேதியும் இல்லை. ஒருநாள் அவரும் வந்து என்னோடு எட்டிப் பார்த்தார்.

"இது அணஞ்சாத்தான் நல்லதா?"

"ஆமாக்கா. அணஞ்சா வண்டி நிக்காது. அவரு வீட்டுக்கு வந்துருவாரு."

அக்கா அந்தக் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அவரு திரும்பி வரணும்னு நான் எண்ணெய்க்கு நாயா அலஞ்சு, சாமி வெளக்க ஒருநாள்கூட அணையவிடலையே" என்றார்.