கூண்டின் சூடு, பெல்ட்டின் சூடு

பழனிச்சாமி அண்ணன் இறந்துவிட்டதாக மருத்துவமனையிலிருந்து அவர் மகள் சொன்னபோது, நான் தீ விபத்துப் படிவத்தில் ‘காயமடைந்தோர்’ என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதியிருந்தேன். அடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் எழுதினேன். எட்டு நாள் போராடியிருக்கிறார்.

முதலிபாளையத்தில் எங்கள் ஆலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் நடந்தது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

துணியின் உட்புறத்தைச் சுரண்டி மென்மையாக்கும் ரைசிங் மெஷின் இருக்கும் இடத்தில் காற்றெல்லாம் பஞ்சுத்தூசி. பெல்ட் நழுவிச் சூடேறினால் போதும், பற்றிக்கொள்ளும். சூட்டை அளந்து பதிவேட்டில் எழுதுவது ஃபிட்டரான அவர் வேலை. ஆய்வுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டுவது என் வேலை. மற்றவர்கள் கருவியைப் பெல்ட்டை மூடிய இரும்புக் கூண்டின்மேல் காட்டி எழுதிவிடுவார்கள். அவர் மெஷினை நிறுத்தி, கூண்டைத் திறந்து, ஆறுவதற்குள் பெல்ட்டையே அளப்பார்.

“டாக்டர் வந்துட்டாருங்க, பெல்ட்டுக்குக் காச்சல் பாக்க!” உற்பத்தி நின்ற கடுப்பில் சூப்பர்வைசர் கத்துவார்.

“உங்களுக்குக் காச்சல் வந்தா ஊசிங்க. இதுக்கு வந்தா எல்லாத்துக்கும் சங்குங்க.”

வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆய்வு நெருங்கியது. பதிவேட்டில் அண்ணன் எழுதிய எண்கள் ஏறியும் இறங்கியும் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டும். “கொஞ்சம் ஒரே மாதிரி எழுதக் கூடாதாண்ணா?” என்றேன்.

“கூண்டோட சூட்டை எழுதோணும்னா நான் எதுக்குங்க அம்மணி? செவுத்தை அளந்துகூட எழுதலாமுங்க.”

அவர் கோபப்படவில்லை. நான்தான் அளக்கும் வேலையிலிருந்து அவரை விலக்கிவிட்டு, புதுப் பதிவேடு ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அதன்பின் நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று அழகான வரிசை. ஆய்வில் பாராட்டினார்கள். அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வழக்கம்போல, “சாப்ட்டீங்களா அம்மணி?” என்றுதான் கேட்டார்.

தீப்பிடித்த அன்று மதியம் ரப்பர் கருகும் வாடை வந்ததும் தீயணைப்பானோடு முதலில் ஓடியவர் அவர். உத்தரத்தில் படிந்திருந்த தூசி உதிர்ந்து ஒரே மூச்சில் பற்றியது.

விசாரணைக்கு வந்த அதிகாரி பதிவேடு கேட்டார். நாற்பத்திரண்டுகள் உள்ளதைக் கொடுத்தேன். பழையது ஒன்று உண்டா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்து மெஷின் மறுநாளே ஓடத் தொடங்கியது. அதற்கும் நாற்பத்திரண்டுதான் எழுதுகிறார்கள்.

அண்ணன் எழுதிய பழைய பதிவேடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றே. கடைசிப் பக்கத்தில் எண்பத்தேழு என்று எழுதி, பக்கத்தில் ‘பெல்ட் மாற்ற வேண்டும்’ என்று குறித்திருக்கிறார். மாற்றவில்லை. அதற்குக் கீழே, பார்த்ததற்கு அடையாளமாக, என் கையெழுத்து.