அறை வாசலில் வைத்த கோழி சூப்பு

எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்கூட ஆகவில்லை. என் கணவரின் அக்காவை அவருடைய புருஷன் மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறக்கி, துணிமூட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ஓசூருக்கே திரும்பிப் போய்விட்டார். அக்காவுக்கு டிபி. அறுபதுகளின் கடைசி அது. அந்த வியாதியின் பெயரை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள்.

தகவல் தெரிந்து மாமனாரும் என் கணவரும் மாட்டுவண்டி கட்டிப் போய் அக்காவைக் கூட்டிவந்தார்கள். கேழ்வரகு மூட்டை அடுக்கியிருந்த பின்னறையைக் காலி செய்து கட்டில் போட்டோம். மாமியார் நான் வாக்கப்படுவதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் பெண் என்றால் நான் ஒருத்திதான். எனக்கு இருபது வயது. அக்காவுக்கு முப்பது இருக்கும்.

பாலக்கோடு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் மாமனாரையும் என் கணவரையும் என்னையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"ஊசி ஒரு நாள் தவறக் கூடாது. மாத்திரையும் அப்படித்தான். பால், முட்டை, கோழி சூப்பு குடுங்க, உடம்பு தேறணும். ரெண்டு மாசம் ஊசி போட்டப்புறம் மறுபடி சளி பாத்துச் சொல்றேன். அதுக்கப்புறம் பயம் இல்ல. கூடவே உக்காந்து சாப்பிடலாம்."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

எனக்குச் சூப்பு வைக்கத் தெரியாது. சொன்னால் நம்ப மாட்டார்கள், கோழியைக் கையால் தொட்டதுகூட இல்லை. பத்து வயதிலிருந்து கன்னியர் நடத்திய ஹாஸ்டலில் படித்தவள் நான். கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் தட்டில் வந்து விழுந்த கறிதான் எனக்குத் தெரிந்த கறி. புகுந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறியை மாமனாரே ஆக்கிவிடுவார். ஆனால் அது தக்காளி பறிக்கும் காலம். விடிந்ததும் அவரும் என் கணவரும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். போகும் முன் மாமனார் ஒரு விடைக்கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, நெருப்பில் வாட்டி, மஞ்சள் தடவித் தட்டில் வைத்துவிட்டு, "துண்டு போட்டு வேக வெச்சிரும்மா, அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். அரிவாள்மணையில் வைத்து எங்கெங்கோ வெட்டினேன். வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் எதுவும் தெரியாது. கைக்கு வந்ததை எடுத்து எறிந்துவிட்டு, மீதியைச் சட்டியில் போட்டு, மிளகாய்த்தூளும் உப்பும் அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டேன். பொங்கி அடுப்பில் வழிந்தது. கலங்கலாக இருந்ததை ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பின்னறை வாசற்படியில் வைத்து, "அக்கா, சூப்புங்க" என்று சொல்லிவிட்டு மூன்றடி பின்னால் வந்து நின்றுகொண்டேன். அவர் எழுந்து வந்து எடுத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் கிண்ணம் காலியாக வாசற்படிக்கு வந்துவிட்டது.

மத்தியானம் சட்டியில் மிச்சமிருந்ததைச் சோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்தேன். வேப்பிலையை அரைத்துக் கரைத்த மாதிரி கசந்தது. துப்பிவிட்டு ஓடினேன்.

"அக்கா, இவ்ளோ கசக்குதுங்களே, எப்படிங்க குடிச்சீங்க?"

கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் சொன்னார்: "மொத தரம் ஆக்கியிருக்கிற. வேணாம்னா உம்மனசு சங்கடப்படும்ல? பித்தப்பைய ஒடைச்சிட்ட கண்ணு. அடுத்த தரம் வெட்டறதுக்கு முன்ன எங்கிட்ட எடுத்துட்டு வா, காட்டறேன்."

அடுத்த கோழியைத் தட்டோடு வாசற்படியில் வைத்து நான் வெளியே உட்கார்ந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை நீட்டிக் காட்டினார். "ஈரலோட ஒட்டிக்கிட்டுப் பச்சையா ஒண்ணு இருக்குது பாரு, அதான். அத இழுக்காத. ஈரல் கொஞ்சம் போனாலும் போவட்டும், சேத்து அறுத்து எறிஞ்சிடு." கழுத்தையும் காலையும் எறியக் கூடாது, சூப்புக்கு அதில்தான் ருசி என்றார். எலும்பை அம்மிக் குழவியால் லேசாகத் தட்டிப் போடச் சொன்னார். மிளகாய்த்தூளை அந்தப் பக்கமே கொண்டு வராதே என்றார்.

அவர் சொன்னபடி, நாலு சொம்பு பச்சைத்தண்ணீரில் கறியையும் எலும்பையும் போட்டு, மஞ்சள் சேர்த்து அடுப்பில் ஏற்றினேன். முதல் கொதியில் நுரை பொங்கி வந்ததைக் கரண்டியால் வழித்து எடுத்தேன். அதன் பிறகு இரண்டு விறகை வெளியே இழுத்துவிட்டு, சட்டி முணுமுணுக்கிற அளவுக்கு மட்டும் தீயை வைத்தேன். மிளகு, சீரகம், கொஞ்சம் கொத்தமல்லி விதை, பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டேன். உப்பு கடைசியில்தான். நாலு சொம்பு இரண்டு சொம்பாக வற்ற வேண்டும். அதுவரை பொறுமையாக இருப்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. இறக்கலாமா என்று நான் யோசிக்கும்போதே பின்னறையிலிருந்து குரல் வரும்: "இன்னும் எலும்பு வேகல. வாசம் வர்லியே." அந்தச் சமையலறையில் நான் செய்கிற ஒவ்வொன்றும் அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது.

வாரத்துக்கு இரண்டு கோழி. வீட்டுக் கோழி தீர்ந்ததும் மாமனார் காரிமங்கலம் சந்தையில் வாங்கிவந்தார். நடுவில் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை கறி கூடாதே என்று அவர் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார். நோயாளிக்கு அது பாவமில்லை என்று சாமியார் சொல்லியனுப்பினார். எல்லாரும் அக்காவுக்காக ஏதோ ஒன்றைச் செய்தார்கள். நானும் செய்தேன். ஆனால் கிண்ணம் வாசற்படியைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் சளியைப் பார்த்துவிட்டு, தொற்றுகிற பயம் தீர்ந்தது, ஆனால் மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார். அக்காவுக்குக் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அந்த வாரம் வைத்த சூப்பு தெளிவாக, பொன்னிறமாக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. வழக்கம்போல வாசற்படியில் வைத்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு ரொம்ப நல்லா வந்திருக்குது. நீயும் ஒரு டம்ளர் எடுத்துட்டு வந்து இப்படி உக்காரு. தனியா குடிச்சுக் குடிச்சு அலுத்துப்போச்சு."

எனக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். "அடுப்புல கஞ்சி இருக்குதுங்க அக்கா" என்றேன். அடுப்பில் கஞ்சி இல்லை. அடுப்பே அணைந்திருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"சரி, போய்ப் பாரு" என்றார்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, கம்பைநல்லூருக்குப் போய், பெண் குழந்தையோடு ஐந்தாம் மாதம் திரும்பினேன். அதற்குள் அக்கா முழுதாகத் தேறி, அடுப்படியே அவர் கைக்குப் போயிருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு என்று எனக்குச் சூப்பு வைத்துக் கொடுத்தார். குடித்தேன். கொதித்து இறக்கியதுதானே, அதில் எனக்குப் பயமில்லை. இதை எழுதும்போது கூசுகிறது.

ஒரு நாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது குழந்தையை மடியில் வைத்திருந்தேன். அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு, நான் வெச்சிருக்கறேன். நீ நிம்மதியா சாப்புடு."

"இப்பதாங்க அக்கா தூங்குது. எடுத்தா எழுந்துடும்."

குழந்தை கண்ணை அகல விரித்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.  அக்கா நீட்டிய கையை முந்தானையில் இன்னொரு முறை துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு குழந்தையைக் கேட்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, கிருஷ்ணகிரியில் கன்னியர் நடத்தும் ஒரு ஹாஸ்டலுக்குச் சமையல்காரி தேவையாம், போகிறேன் என்றார். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் எவ்வளவோ கெஞ்சினார். "உனக்கு இங்க என்னக்கா கொறச்சல்? நம்ம வூடு இருக்கறப்ப ஏன் இன்னொருத்தர் வூட்டு அடுப்புல போய் வேகணும்?" பிறகு என்னிடம் திரும்பி, "நீ ஒரு வார்த்த சொல்லேன்" என்றார். நான் சொல்லியிருந்தால் அக்கா இருந்திருப்பார். நான் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றி முடித்த பிறகும் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பண்டிகைக்குக் காலையில் வருவார், சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

என் மகளுக்கு எட்டு வயதானபோது ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ஹாஸ்டல் சமையலறைக்குப் பக்கத்தில், காய்ச்சலில் கிடந்த ஒரு சின்னப் பெண்ணின் தலையை மடியில் வைத்து, ஸ்பூனால் சூப்பு ஊட்டிக்கொண்டிருந்தார் அக்கா. அவள் வாயைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"அக்கா, அப்ப நான் வந்து..." என்று தொடங்கினேன்.

"எத்தன மணி பஸ்ஸுக்குப் போவணும் உனக்கு? சாப்டுட்டுதான் போவணும்" என்றார்.

 மகளை முன்னால் தள்ளி, "அத்தகிட்ட போ" என்றேன். வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்த முகம் அவளுக்கு எங்கே பழகும்? என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.

"விடு, வற்புறுத்தாத. புது எடம், பயப்படுது" என்றார் அக்கா.

இரண்டு வருஷம் கழித்து மாரடைப்பில் அவர் போய்விட்டார். தந்தி மறுநாள்தான் வந்தது; பஸ் பிடித்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மண் ஈரம் காயாத கல்லறையைக் காட்டிவிட்டு, ஒரு கன்னியாஸ்திரி அக்காவின் தகரப்பெட்டியை எங்களிடம் கொடுத்தார். உள்ளே நாலு சேலை, ஒரு ஜெபமாலை, ஒரு ஜெபப்புத்தகம். திரும்பி வரும்போது என் கணவர் வழியெல்லாம் அழுதார்.

அக்காவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதனால்தான் போனார் என்று அவர் இன்றும் நம்புகிறார். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்கிறார். பக்கத்தில் இருந்து நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.