கடற்காகத்தின் முட்டையும் எனது குறிப்பேடும்

கடந்த இலையுதிர்காலத்தில், ஒரு வியாழக்கிழமை முற்பகல், டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் இது நடந்தது. அன்று நான் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து போயிருந்தேன். என்னைக் கௌரவிக்கவே அழைத்திருக்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன். அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கூச்சம் மட்டும் உண்டு.

என்னைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். நான் இரசாயனவியல் பட்டதாரி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக இந்நாட்டுக்கு வந்து, இக்காஸ்ட் நகரின் ஒரு துணித் தொழிற்சாலையில் மூட்டை தூக்கத் தொடங்கினேன். நான் படித்தவன் என்பது தெரிந்ததும், மழைநீர் ஒட்டாதபடி துணிக்குப் பூச்சு ஏற்றும் பிரிவில் கலவை தயாரிக்கும் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். ஓய்வு பெறும்வரை அந்தப் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போகவில்லை. ஒவ்வொரு கலவையின் பெயரையும் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அதில் அடித்தல் திருத்தல் கிடையாது.

எங்கள் சமூகத்தில் எனக்கொரு பெயர் கிடைத்ததும் இந்தப் பூச்சினால்தான். தொழிற்சாலையில் மீந்த கலவையை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி இருந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இக்காஸ்டின் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் பனியுடைகளை, அதாவது தலை முதல் கால் வரை மூடும் அந்த முழுநீள உடுப்புகளை, என் கராஜுக்குக் கொண்டு வருவார்கள். நான் பூச்சு ஏற்றி, இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிக் கொடுப்பேன். கைம்மாறு எதுவும் வாங்கியதில்லை. குழந்தைகள் பாலர் பள்ளி முற்றத்தில் நாள் முழுவதும் மழையில் உருண்டாலும் உள்ளே ஈரம் இறங்காது. 'மழை அண்ணை' என்றால் என்னைத்தான். அந்தப் பெயரை நான் விரும்பாததுபோல் காட்டிக்கொள்வேன்.

சென்ற ஆண்டு ஒரு புதுமனைப் புகுவிழாவில் இதையெல்லாம் விவரித்துக்கொண்டிருந்தேன். காபனும் புளோரினும் ஒருமுறை பிணைந்துவிட்டால் வெயில், மழை, சவர்க்காரம் எதுவும் அந்தப் பிணைப்பை அசைக்க முடியாது என்று விளக்கினேன். மேசையின் மறுமுனையில் ஓர் இளம்பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர், கணவர் கணினித் துறையில் வேலை பார்க்கிறார். தாம் துருவப் பகுதிக் கடற்பறவைகளை ஆராய்வதாகச் சொன்னார்.

"சார், அந்த நோட்டு இன்னும் இருக்கா? நான் பார்க்கலாமா? முடிஞ்சா ஒரு நாள் எங்க லேபுக்கு வாங்க சார்."

பறவைக்கும் என் குறிப்பேட்டுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் என் உழைப்பைக் கண்டுகொண்டது என்றே முடிவு செய்தேன். புறப்பட்ட அன்று என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, கோட்டும் டையும்? ஆர் மாலை போடப்போகினமாம்?"

"படிச்ச ஆக்களிட்டப் போறன்."

"செத்த குருவியளிட்டயும்தான் போறியள்" என்றார் அவர்.

ஆய்வுகூடத்தில் மாலையும் இல்லை, கூட்டமும் இல்லை. அந்தப் பெண் எனக்கொரு வெள்ளை மேலங்கி தந்து, நீளமான உலோக மேசைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தட்டில் சிறிய கடற்காகம் ஒன்று கிடந்தது. வெண்மையான நெஞ்சு, கறுத்த கால்கள். கிரீன்லாந்தின் பாறைச் சரிவு ஒன்றிலிருந்து உறைந்த நிலையில் வந்தது என்றார். அதனருகே புள்ளியிட்ட ஒரு முட்டை. காலம் கடந்தும் பொரிக்காமல் கூட்டில் கிடந்ததாம்.

அவர் முட்டையோட்டை மெதுவாக விலக்கினார். வெறும் மஞ்சள் கரு இருக்கும் என்று நினைத்திருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே முழுமையான ஒரு குஞ்சு இருந்தது. அலகு இருந்தது. ஈரமான தூவி இருந்தது. வெளியே வருவதற்குத் தேவையான எல்லாம் இருந்தும் அது வரவில்லை.

அடுத்து கணினித் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதே சரிவிலிருந்து முன்பு வந்த முட்டைகளின் உள்ளே காணப்பட்ட பொருள்கள். பாதரசத்தைச் சுட்டிக் காட்டினார். அதன் அருகே, எல்லாவற்றையும்விட உயரமாக எழுந்து நின்ற ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். கீழே அதன் மூலக்கூறு வரையப்பட்டிருந்தது. எட்டுக் காபன் அணுக்களின் சங்கிலி. ஒவ்வொன்றையும் சூழ்ந்து புளோரின். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் எத்தனையோ தடவை கைப்பட வரைந்த சங்கிலி அது.

"உங்க கலவையில இருந்தது சிதைஞ்சா, கடைசியில இதுவாத்தான் நிக்கும் சார். இதுக்கு மேல சிதையாது. ஆறு, கடல், காத்து எல்லாம் சேர்ந்து வடக்க கொண்டு போயிடும். மீன்ல ஏறும், மீனைத் தின்ன பறவையோட ரத்தத்துல, ஈரல்ல சேரும். தாய்ப்பறவை முட்டைக்குள்ள இறக்கிடும்."

"குஞ்சு செத்தது இதனாலயோ?" என்று கேட்டேன்.

"இந்த ஒரு முட்டையை வச்சு அப்படிச் சொல்ல மாட்டேன் சார். ஆனா தைராய்டு சுரப்பைக் குழப்புது, நோய் எதிர்ப்பைக் குறைக்குதுன்னு சந்தேகப்பட நிறையக் காரணம் இருக்கு. உங்க ஃபேக்டரியில இருந்துதான் வந்துச்சுன்னும் யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துல எது எவ்வளவு பயன்பட்டுச்சுன்னு எழுதி வச்சவங்களே இல்லை. அதான் உங்க நோட்டைக் கேட்டேன்."

குற்றம் சாட்டும் தொனி அவரிடம் சிறிதும் இல்லை. இருந்தும் நான் கோபப்பட்டேன். சட்டத்துக்குப் புறம்பாக நான் ஒருபோதும் நடந்ததில்லை என்று, யாரும் கேட்காத கேள்விக்கு விறைப்பாகப் பதில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, நான் கொண்டுபோயிருந்த குறிப்பேட்டைப் புரட்டத் தொடங்கினார். கையெழுத்தைப் புகழ்ந்தார். கடைசிப் பக்கங்கள் வந்தன.

அங்கே ஆண்டுவாரியாகக் கராஜ் கணக்கு. எந்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை உடுப்பு என்ற பட்டியல். ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் என் அழகான கையெழுத்தில் ஒரே வரி: 'மிச்சம் கானுக்குள்.' எங்கள் தெருக் கானில், அதாவது வடிகாலில், ஊற்றியது மழைநீரோடு சேர்ந்து ஓடைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். பட்டம் பெற்றவனுக்கு அதற்கப்பால் யோசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

"இந்தப் பேரெல்லாம் யாரு சார்?"

நான் என் உள்ளங்கையை அந்த வரியின்மேல் வைத்து மறைத்தேன். "தொழிற்சாலை ஆக்கள்" என்றேன். பேரப்பிள்ளைகள் கண்ட வயதில், செத்த ஒரு குஞ்சின் எதிரே நின்று பொய் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குறிப்பேட்டை மூடித் திருப்பித் தந்தார். "யோசிச்சுட்டு அப்புறமா குடுங்க சார், அவசரமில்லை."

இரயிலில் திரும்பும்போது அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். சில்கபோர்க் நிலையம் தாண்டும்வரை விரல் தாளின் ஓரத்திலேயே இருந்தது. கிழித்தால் என் பெயர் பிழைக்கும். தைத்த புத்தகத்தில் தாள் கிழிந்த தடத்தை அந்தப் பெண் கண்டுபிடிக்காமல் விடமாட்டார் என்ற அச்சம்தான் முதலில் என்னைத் தடுத்தது. மனச்சாட்சி பிறகுதான் வந்தது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 

"எங்கட பிள்ளையளுக்கும் அதைத்தானே போட்டுவிட்டனாங்கள்" என்றார். பிறகு, "அந்த ஆராய்ச்சிப் பிள்ளைக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. சனத்துக்கும் நீங்களே சொல்லுங்கோ. நாளைக்கு வேற ஆரும் வந்து சொன்னால் அதுதான் மானக்கேடு."

அன்று பிற்பகலே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். "எனக்குத் தெரியும் சார்" என்றார். அதற்கு மேல் என்னைச் சங்கடப்படுத்தவில்லை. குறிப்பேட்டை ஒரு தாளும் குறையாமல் அனுப்பினேன்.

மறுநாள் பட்டியலின் முதற்பெயருக்கு அழைத்தேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு தாய். அவரது மகனின் உடுப்புக்கு நான் பூச்சு ஏற்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

"ஓம் அண்ணை! உங்களுக்கு ஆயுசு நூறு. இப்பத்தான் மகன்ர பழைய பனியுடுப்பை வெளியில எடுத்தனான். பேரனுக்குப் போட்டுவிடுறன். இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகேல்லை, பாருங்கோவன்! இப்ப கடையில விக்கிறதெல்லாம் ஒரு சாமானே?"

என் வாழ்நாளில் இவ்வளவு மனமுவந்த பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.  "தங்கச்சி, அதைக் கழட்டி ஒரு பையில போட்டு வையுங்கோ, நான் வந்து எடுக்கிறன்" என்றேன். காரணம் சொல்ல ஐந்து நிமிடம் பிடித்தது.  "அண்ணை, நீங்கள் படிச்ச ஆளெல்லே?" என்று மட்டும் கேட்டார். அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

 பட்டியலில் இன்னும் ஒன்பது குடும்பங்கள் மீதமிருக்கின்றன. வாரத்துக்கொன்றாக அழைத்து வருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கோபப்படுகிறார்கள், ஒருவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார். மதிப்பு என்பது பிறர் என்னைப் பற்றி நினைப்பது என்று வாழ்ந்தவன் நான். நான் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு பாறைச் சரிவில், என் பெயரையே அறியாத ஒரு பறவைக்கு நான் என்ன செய்தேன் என்பதிலும் அது அடங்கியிருக்கிறது என்பதை, ஒவ்வொரு முறை தொலைபேசியைக் கையில் எடுக்கும்போதும் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன்.