பாதி மருந்து, பாதி மாவு

எவர்சில்வர் தட்டில் அப்பா இரண்டு புட்டிகளையும் கவிழ்த்தார். இரண்டிலிருந்தும் விழுந்தவை ஒரே மாதிரியான ஆரஞ்சு நிற மாத்திரைகள். அவருடைய சிநேகிதர் பாய் அவற்றை விரலால் கலக்கினார். பிறகு இருவரும் உனக்கொன்று எனக்கொன்று என்று பிரித்துத் தத்தம் புட்டியில் போட்டுக்கொண்டார்கள். ராயபுரம் வீட்டில், நான் பத்திரிகை ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம்.

இருவரும் துறைமுகத்தில் ஒரே கேங்கில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர்கள். இருவருக்கும் பீடிப் பழக்கம். காலில் ரத்த ஓட்டம் குறைந்து, பத்துக் கடை தாண்டுவதற்குள் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், நின்றால் விடும். ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை அந்த வலியைக் குறைக்குமா என்று சோதிக்க ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தபோது சேர்ந்தே போனார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. மாதம் ஒருமுறை நடக்கவிட்டு, எவ்வளவு தூரத்தில் வலி தொடங்குகிறது என்று குறிப்பார்கள்.

கேங்கில் டீயானாலும் பொட்டலச் சோறானாலும் சமபங்குதான். "ஒருத்தன் மருந்து துன்னு, ஒருத்தன் மாவு துன்றதா? பாதி பாதி போட்டுக்கினா ரெண்டு பேரு காலும் பொழைக்கும்" என்றார் அப்பா. சோதனையே கெட்டுவிடும் என்றேன். "பேப்பர்ல போட்டுடாத நைனா" என்று பாய் சிரித்தார். நான் டாக்டரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் பாயின் கால் கட்டைவிரல் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சோதனை முடிந்து யாருக்கு எது என்ற பட்டியலைத் திறந்தபோது, மருந்து இருந்தது பாயின் புட்டியில் என்று தெரிந்தது. அப்பாவுடையது மாவு. பாய்க்கும் தகவல் போனது.

அப்பா அன்றே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, முழு மருந்தும் சாப்பிட்டிருந்தால் அவன் கால் பிழைத்திருக்குமா என்று கேட்டார். இந்த மருந்துக்கு அந்தச் சக்தி உண்டு என்றே யாரும் நிரூபிக்கவில்லை, நீங்கள் கலந்துவிட்டதால் உங்கள் இருவர் விஷயத்தில் எதையும் சொல்ல முடியாது என்றார் அவர். மறுவாரமும் அப்பா போய் அதையே கேட்டார். அதற்கடுத்த வாரமும். நான் கூடப் போனேன். பிழைத்திருக்காது என்ற ஒரு சொல்லுக்காக டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலித்தால் நின்று, விட்டதும் மறுபடி. துறைமுக மதில் வரை போகிறார். பாய் வீடு இருக்கும் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மட்டும் திரும்புவதில்லை.

நேற்று பாய் எனக்குப் போன் செய்தார். "உங்கப்பன் இன்னாத்துக்கு இந்தப் பக்கமே வர்றதில்ல? கால் வலின்னா சொல்லச் சொல்லு நைனா. நான் ஆட்டோ புடிச்சி வர்றேன்."